ஓய்வு பெற்ற ஆசிரியர், ஓய்வு பெறாத பாடம்



உங்கள் இல்லத்தில் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா? நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து காட்டிய தகப்பனாராக அவர் இருக்கலாம். செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டிச் சூலகத்தையும் மகரந்தத் தாள்களையும் பிள்ளைகளுக்குக் காண்பித்த தாயாராகவும் இருக்கலாம். பணி நிறைவுக்குப் பின் மகனோடோ மகளோடோ தங்கும்படி மல்லேஸ்வரத்துக்கு வந்திருக்கிறார். அதிகாலை ஜெபத்தில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேவசமுகத்தில் வைக்கிறார். அதன்பின் பேரனைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிடுகிறார், பால் வாங்குகிறார், கூரியர்காரருக்குக் கதவைத் திறக்கிறார். மொழி தெரியாத ஊரில் மாலை வரை ஜன்னலோரத்தில் வேதாகமத்தோடு அமர்ந்திருக்கிறார்.

அவரை நாம் நேசிக்கிறோம், மருந்து வாங்கிக் கொடுக்கிறோம், ஆராதனைக்கு அழைத்துச் செல்கிறோம். ஆனால் அவரிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்கிறோமா? பள்ளி அவருக்கு விடை கொடுத்தது உண்மைதான். குடும்பமும் சபையும் கூட விடை கொடுத்துவிட வேண்டுமா?

தெருவே வகுப்பறை

ஒரு நாள் மாலையில் அவரோடு மல்லேஸ்வரத் தெருக்களில் நடந்து பாருங்கள். நாம் தினமும் கடந்துபோகும் சம்பிகே சாலையின் பெயர் செண்பக மரத்தின் பெயர். மார்கோசா சாலையின் பெயரோ நம் ஊர் வேப்பமரத்தின் பெயர். அருகிலுள்ள சாங்கி ஏரி 1882இல் உருவாக்கப்பட்டது. வகுப்பில் படமாகப் பார்த்த நீர்ப்பறவைகளையும் பாசியையும் பேரப்பிள்ளைகள் அங்கே உயிரோடு காணலாம்.

இந்தப் பகுதி உருவான வரலாறே ஓர் உயிரியல் பாடம்தான். 1898இல் பெங்களூரு நகரைக் கொள்ளைநோயாகிய பிளேக் தாக்கிற்று. நெருக்கடியான பழைய பேட்டைகளில் மக்கள் மாண்டனர். காற்றும் வெளிச்சமும் புகும்படி அகன்ற தெருக்களோடு புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டபோது, பசவனகுடியோடு மல்லேஸ்வரமும் எழும்பிற்று. பிளேக்கை உண்டாக்கும் கிருமியை அலெக்ஸாண்டர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்பதைப் போல் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் கண்டார். நாம் வசதியாக நடக்கும் இந்தத் தெருக்களின் பின்னால் இத்தனை கண்ணீரும் தேடலும் உண்டு. பேரப்பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லத் தாத்தாவைவிடத் தகுதியானவர் யார்?

ஓய்வு பெற்ற ஆண்டில் வெளியான ஆராய்ச்சி

இதே நகரில் வாழ்ந்த உயிரியல் ஆசிரியர் ஒருவரை இங்கே நினைவுகூருவது தகும். சி. ஆர். நாராயணராவ் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் ஆசிரியப் பணி செய்தபின் பெங்களூரு வந்து, சென்ட்ரல் கல்லூரியின் விலங்கியல் துறைக்குத் தலைவரானார். நம்மைப் போலவே பிழைப்பின் நிமித்தம் ஊர் விட்டு ஊர் வந்தவர். 1932இல் ‘கரண்ட் சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியராகப் பொறுப்பேற்றார். 1937இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். தென்னிந்தியாவின் புதிய தவளை இனங்களைப் பற்றிய அவருடைய முக்கியமான ஆராய்ச்சிக் கட்டுரையும் அதே 1937இல்தான் வெளிவந்தது.

அவர் 1960இல் மறைந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2010இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் அடங்கிய ஒரு பேரினத்துக்கு அறிஞர்கள் அவர் நினைவாக ‘ராவோர்கெஸ்டஸ்’ என்று பெயரிட்டார்கள். இந்தத் தவளைகள் தலைப்பிரட்டையாக நீரில் நீந்துவதில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, சிறு தவளையாகவே வெளியே வருகின்றன. சிருஷ்டியின் இத்தகைய விந்தைகளை ஒரு ஆசிரியர் பொறுமையோடு உற்றுப் பார்த்ததன் பலனைப் பின்வந்த தலைமுறைகள் அனுபவிக்கின்றன. பணி ஓய்வு என்பது சம்பளப் பட்டியலில் ஒரு கோடு, அவ்வளவே. கண்களுக்கும் நாவுக்கும் அது ஓய்வு அல்ல.

கிராமத்துக்கு வந்த பேராசிரியர்

பக்தியும் குடும்பப் பாசமும் உயிரியலும் ஒரே மனிதரிடம் ஒன்றுகூட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ 1825இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். அவர் ஒரு திருச்சபைக் குருவும் கூட. 1837இல் ஹிட்சம் என்ற ஏழைக் கிராமத்தின் சபைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். பெரிய அறிஞர் இப்படிக் குக்கிராமத்தில் முடங்கிப்போனாரே என்று பலர் நினைத்திருக்கக்கூடும். அவரோ கூலி விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பூக்களைப் பிரித்துப் பார்த்து இனம் காணக் கற்றுக்கொடுத்தார். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகியபோது, அழுகிய கிழங்கிலிருந்தும் மாவுச்சத்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கிராமத்தாருக்குக் காட்டினார்.

அவர் குடும்பத்திலும் அந்தப் பாடம் வேரூன்றிற்று. மகள் ஆன் தாவரங்களின் படங்களை வரைந்தார். இன்னொரு மகள் பிரான்சிஸ், புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரை மணந்தார். மகன் ஜார்ஜ் தந்தையைப் போலவே குருவாகவும் தாவரவியலாளராகவும் விளங்கினார்.

ஹென்ஸ்லோவின் அன்பு மாணவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். 1831இல் டார்வினைக் கப்பல் பயணத்துக்குப் பரிந்துரைத்தவர் ஹென்ஸ்லோதான். பின்னாளில் டார்வினின் நூல் வெளிவந்து பெரும் சர்ச்சை மூண்டது. தம் மாணவரின் முடிவுகளை ஹென்ஸ்லோ முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் 1860இல் ஆக்ஸ்போர்டில் நடந்த புகழ்பெற்ற விவாதத்துக்குத் தலைமை ஏற்று, இரு தரப்பாரும் பேச இடமளித்தார். 1861இல் மரிக்கும் வரை விசுவாசத்தையும் அவர் விடவில்லை, மாணவரின் நட்பையும் விடவில்லை.

பிரியமானவர்களே, இதுவே நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான பாடம். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் ஒருநாள், “பாடப்புத்தகம் சொல்வது சரியா, நம் ஜெபம் சரியா?” என்று கேட்பாள். “இப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று அவளை அதட்டினால், அவள் கேள்வியை மறக்கமாட்டாள், நம்மிடம் கேட்பதைத்தான் நிறுத்துவாள். பிறகு அந்தக் கேள்வியோடு தனியே கல்லூரி விடுதிக்குப் போவாள். பாட்டியிடம் அனுப்புங்கள். பல ஆண்டுகள் அந்தப் பாடத்தை நேர்மையாக நடத்திவிட்டு, அதே இரவில் முழங்காலில் நின்றவர் அவர். புத்தகம் சொல்வதைத் திரிக்காமல் விளக்கவும், தம் விசுவாசத்தை வெட்கப்படாமல் சொல்லவும் அவருக்குத் தெரியும். பதில் தெரியாத இடத்தில் “எனக்குத் தெரியாது, கண்ணு” என்று சொல்லும் தாழ்மையும் அவருக்கு உண்டு. அந்தத் தாழ்மையே பிள்ளையின் இருதயத்தைக் காக்கும்.

ஜெபமும் மருந்தும்

சபைக்கும் இவர்கள் தேவை. ஜெபித்தபின் மாத்திரையைத் தொடுவது அவிசுவாசம் என்று எண்ணிச் சர்க்கரை நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடுவது நம் நடுவில் உண்டு. கணையம் என்ன செய்கிறது, இன்சுலின் இல்லாவிட்டால் உடலுக்கு என்ன நேரிடும் என்பதை அந்தச் சகோதரருக்கு அன்போடு விளக்கக்கூடியவர் இந்த ஆசிரியரே. 1921இல் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்படுமுன், அந்நோயின் ஒரு வகைக்கு ஆளான பிள்ளைகள் பிழைப்பது அரிது. இன்று அவர்கள் வளர்ந்து, மணமுடித்து, தங்கள் பிள்ளைகளையும் காண்கிறார்கள். இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாமா? பவுலின் அருமை நண்பராகிய லூக்கா ஒரு வைத்தியர் என்பதை மறவாதிருங்கள். வேண்டுதல் செய்கிற கரமும் மாத்திரை எடுக்கிற கரமும் ஒரே விசுவாசியின் கரங்களாக இருக்கலாம்.

சாலொமோன் ராஜா கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புப் பூண்டு வரை, மிருகங்களையும் பறவைகளையும் மீன்களையும் குறித்துப் பேசினார் என்று வேதம் அறிவிக்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டியாகிய லோவிசாளிடத்தில் தொடங்கியதையும் நாம் வாசிக்கிறோம். இவ்விரண்டும் உங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரே ஆளிடத்தில் அமர்ந்திருக்கின்றன.

ஆகையால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். சனிக்கிழமை மாலையில் பேரப்பிள்ளைகளை அவரோடு சாங்கி ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும், கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். ஞாயிறு பள்ளியில் மாதம் ஒரு வகுப்பை அவருக்குத் தரும்படி போதகரிடம் பேசுங்கள். அன்று இரவு உணவு வேளையில் “அப்பா, இன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். நெடுநாள் கழித்து அவர் முகம் ஆசிரியர் முகமாக மலர்வதைக் காண்பீர்கள்.

முதிர்வயதிலும் கனி தரும் மரங்களைக் கர்த்தர் நம் வீடுகளில் நட்டிருக்கிறார். அந்த நிழலில் அமர்ந்து கனியைப் பறிக்க நமக்கு நேரமும் மனமும் தருவாராக. ஆமென்.