கார் விசிறி சுற்றவில்லையா? மோட்டார் மேல் பழி போடாதீர்கள்!

போன சித்திரை மாதம் நடந்தது இது. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு எங்கள் பழைய காரில் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் ஒரே நெரிசல். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. சூடு காட்டும் முள் மளமளவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டுவிட்டது! எப்படியோ பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"ஐயோ, திறக்காதீங்கம்மா! மூஞ்சியில அடிச்சிடும்!" என்று கத்தினார் ஓர் ஆட்டோக்காரர்.

ஆவி அடங்காத குக்கரை நாம் திறப்போமா? அதே கதைதான் இதுவும். என்ஜின் முழுக்க ஆறின பிறகே திறக்க வேண்டும். அவர் ஆட்டோவிலேயே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

பட்டறையில் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "விசிறி மோட்டார் போச்சும்மா, புதுசு போடணும்" என்றார்கள். விலையைக் கேட்டு வாயடைத்துப் போனேன்.

வீட்டில் மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் மாமனார். திருச்சி பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சோதிச்சுப் பார்த்தானாம்மா?"

"இல்லை மாமா."

"அப்புறம் எப்படி மோட்டார்னு சொல்றான்? எனக்குக் கண் சரியில்லை. நான் சொல்றேன், நீ செய்."

அந்தக் கால அம்பாசிடரில் என்ஜினே பெல்ட் மூலம் விசிறியைச் சுற்றும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மாதிரி வண்டிகளில் என்ஜின் குறுக்கே படுத்திருப்பதால், விசிறிக்குத் தனி மோட்டார். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போதுதான் விசிறியின் தயவு வேண்டும். அதனால்தான் சமயபுரம் போய் வந்தபோது ஒன்றும் தெரியவில்லை, பாலத்தில் மாட்டிக்கொண்டேன்!

என்ஜின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலும் விசிறி திடீரென்று சுற்றும். முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலை முடிந்துகொண்டு, குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஃபியூஸ். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் ஒயரே எரியும். ரிலே இருந்தால், ஹாரனுக்கு உள்ள அதே மாதிரி ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். எங்களுக்கு இரண்டும் பழுதில்லை.

அடுத்து மோட்டார். அதன் இணைப்பைக் கழற்றி, காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தேன். பாசிட்டிவ் ஒயரில் ஒரு ஃபியூஸையும் சேர்க்கச் சொன்னார் மாமா. 'விர்'ரென்று சுற்றியதே பார்க்கணும்! போச்சு என்றார்களே, அந்த மோட்டார்தான்!

மிச்சம் இருந்தது தெர்மோ ஸ்விட்ச். தண்ணீர் சூடானதும் விசிறியைப் போடுவது இதுதான். மோட்டார் இணைப்பைத் திரும்ப மாட்டி, ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துச் சாவியைப் போட்டதும் விசிறி ஓடியது. ஆக, திருடன் அகப்பட்டான்.

எதிர்வீட்டுத் தம்பி அதைக் கழற்றிக் கொடுத்தான். அப்போது சிந்தும் கூலன்ட் இனிப்பாயிருக்கும், ஆனால் கடும் விஷம். குழந்தை, பூனை வாய் வைக்குமுன் கழுவித் தள்ளிவிடுங்கள்.

பிறகு என் சமையலறையிலேயே பரீட்சை! சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்சின் நுனியை மட்டும் முக்கி, டார்ச் பேட்டரியும் சின்ன பல்பும் சேர்த்தோம். பெரும்பாலும் 90 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் பல்பு எரிய வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் எரியவில்லை. புதிதாக வாங்கிய ஸ்விட்சோ கொதி வருமுன்பே விளக்கேற்றியது. மோட்டார் விலையில் அது ஒரு மூலைக்குக் காணாது.

இதெல்லாம் பழைய வண்டிக்கு. புதுக் கார்களில் விசிறியை ஆள்வது கம்ப்யூட்டர். அங்கே ஒயரைச் சேர்க்காதீர்கள். ஃபியூஸைப் பாருங்கள், ஏசியைப் போட்டு விசிறி சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால் மோட்டார் உயிரோடிருக்கிறது என்று பட்டறையில் தைரியமாகச் சொல்லலாம்.

எல்லாம் மாட்டி, கூலன்ட் ஊற்றி, வாசலில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் பாதியைத் தாண்டியது. 'விர்!'

"காப்பி போடும்மா" என்றார் மாமா, திண்ணையிலிருந்து.