கொட்டிவாக்கமா, கோட்டூர்புரமா? விரலிடம் கேளுங்கள்

பார்வையற்ற மாணவர்களுக்காக ஒரு கல்லூரி நூலகம் கணினி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரை வாசிப்பான் என்விடிஏ இலவசம். பெருஞ்செலவு பிரெயில் டிஸ்ப்ளேவுக்குத்தான். இணைத்ததும் ஊசிகள் எழும்பி இறங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். தமிழ்ப் பாடத்தைத் திறந்தால் 'அ' வரவேண்டிய இடத்தில் எக்ஸ், சைபர், பி, எட்டு, ஐந்து என்று அதன் யூனிகோடு எண் ஓடும். கருவியில் பழுதில்லை. எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் டேபிள்களில் ஆங்கிலத்துக்கானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் "உனக்குப் பிரெயில் சரியாக வராதோ?" என்ற கேள்வி மாணவனிடம்தான் போகும்.

ஆறு புள்ளிகளில் கிடைப்பது 63 வடிவங்கள்தாம். ஒவ்வொரு மொழியும் அவற்றையே திரும்பப் பயன்படுத்துகிறது. இந்திய மொழிகளுக்காக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் 2-6 புள்ளிகள் 'எ'. ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பிரெயிலில் அதுவே 'என்' என்ற இரண்டெழுத்துச் சேர்க்கை. 3-4-5-6 நமக்கு 'ண'; எண் வருகிறது என்பதற்கான அடையாளமும் அதுவே. தமிழ்ச் சொல் ணகரத்தில் தொடங்காது என்பதால் வாசிப்பவர் தடுமாறுவதில்லை. இது தெரியாமல் எழுதிய மென்பொருள்தான் தடுமாறும்.

அடையாறு பகுதியை ஒட்டிய ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் ஆர். கல்யாண கிருஷ்ணனின் ஆய்வகம், இந்திய மொழிகளை எழுத்தெழுத்தாக அன்றி அசை அசையாகக் கணினியில் கையாளும் மென்பொருளை உருவாக்கியது. பார்வையற்றோருக்கான வசதியும் அதில் இருந்தது. திருவான்மியூரின் வித்யா விருக்ஷா அமைப்பு அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. இவ்வளவு அருகிலேயே நடந்த வேலையை இன்று மென்பொருள் வாங்குகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

சோதித்துப் பார்க்க நம்மூர்ப் பெயர்களே போதும். கொட்டிவாக்கத்தில் ககரத்துக்குப் பின் 'ஒ'வுக்குரிய 1-3-4-6 வரவேண்டும், கோட்டூர்புரத்தில் 'ஓ'வுக்குரிய 1-3-5. யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. அதைச் சரிசெய்யாத மென்பொருள் 'கெஆ' என்று விரலுக்குக் கொடுத்துவிடும். மயிலாப்பூரில் மெய்ப்புள்ளிக்குரிய 4 பகரத்துக்கு முன்னால் வருகிறதா? பழவந்தாங்கலில் ழகரம்? கடைசியாக, 'தி.நகர், சென்னை 600017': எண்ணுக்கு முன் அதன் அடையாளம் வருகிறதா? பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பு என்றால் எந்த டேபிளும் உதவாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இத்தகைய அணுகலைச் சலுகையாகப் பார்க்கவில்லை. 42ஆம் பிரிவின்படி, மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை நூல்களும் துணைக்கருவிகளும் இலவசம். பதிப்புரிமை தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: பார்வையற்றோருக்காகப் பிரெயிலில் மாற்றுவது மீறலாகாது என்று 2012 திருத்தம் சொல்லிவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

குறை இருந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எந்தச் சொல், எந்தப் புள்ளிகள் வந்தன, எவை வந்திருக்கவேண்டும், எந்தப் பதிப்பு, எந்த டேபிள் என்று எழுதிக்கொடுங்கள். வேலை தொடர்பான குறையானால் அரசு அலுவலகத்தின் குறைதீர் அலுவலர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கவேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் அடுத்த படி, மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழு. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். அவருடைய பரிந்துரையின்மீது எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கவேண்டும். பிழை மென்பொருளில் என்றால் திருத்தவும் வழியுண்டு: என்விடிஏ உள்ளிட்ட பல மென்பொருள்கள் லிப்லூயிஸ் என்ற திறந்தமூல மொழிபெயர்ப்பியைத்தான் நம்பியிருக்கின்றன. அங்கே தமிழ் டேபிளில் ஒரு பிழையைத் திருத்தினால் அவை அனைத்துக்கும் பலன் போகும்.

பள்ளிக்கும் நூலகத்துக்கும் கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பிரெயில் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, மேலே சொன்ன ஊர்ப்பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு விற்பனையாளரின் பில்லுக்குப் பணம் கொடுங்கள்.