தானிய அறையும் வீட்டுக் காற்றும்

அறுவடையான நெல்லும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின், அவற்றை அந்தும் வண்டும் அழிக்காமல் காப்பது குடியானவர்களுக்குப் பெருங்கவலையாகும். இதனை உத்தேசித்துச் சிலர் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை மூட்டைகளுக்கிடையே செருகிக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த அறையிலேயே உறங்குகின்றனர். யான் பார்வையிட்ட ஒரு வீட்டில் கதவிடுக்கைச் சாணத்தால் மெழுகியிருந்தார்கள், மேலேயோ ஓட்டுக்கூரை, குழந்தையின் தொட்டில் சுவருக்கு இப்புறம்!

இவ்வில்லை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் விஷவாயுவை வெளிவிடுகிறது. வண்டைக் கொல்வது அவ்வாயுவே. அதற்கு வண்டென்றும் மனிதனென்றும் பேதமில்லை. 3 கிராம் வில்லையொன்று சுமார் 1 கிராம் வாயு தரும். நீளம், அகலம், உயரம் யாவும் 10 அடியான அறையில் அது முழுதும் பரவினால், பத்து லட்சம் பங்கு காற்றுக்கு ஏறக்குறைய 25 பங்காகும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி எட்டு மணிநேர வேலைக்கு அனுமதிக்கும் அளவோ 0.3 பங்குதான். ஒரு வில்லைக்கே கணக்கு இவ்வாறாயின், கைநிறையப் போடுவோர் நிலையை யூகித்துக் கொள்ளலாம்.

பூண்டு நாற்றம் வந்தால் எச்சரிக்கையாகலாம் என்பர் சிலர். அந்நாற்றம் பெரும்பாலும் கலப்புப் பொருள்களால் உண்டாவது. தானியம் அவற்றை உறிஞ்சிக்கொண்டால் நாற்றமின்றியே வாயு நிற்கும்.

தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மார்பிறுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் குறிகள். உணவுக் கோளாறென்று கருதிக் கஷாயம் கொடுத்துக் காலங்கடத்துவது பெருந்தவறு. இவ்விஷத்திற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே இரவில் வாந்தி கண்டால், தானிய அறையைப் பற்றியே கிராம அதிகாரிகள் முதலில் விசாரிக்க வேண்டும்.

சட்டப்படி இவ்வில்லையை அரசாங்க இலாகாக்கள், ஸ்தாபனங்கள், அங்கீகாரம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர் ஆகியோருக்கே விற்கலாம். 10, 20 வில்லைகள் அடங்கிய குழல்கள் 2001-ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டன.

நெல்லை ஈரம் நூற்றுக்கு 14-க்கு மேற்படாமலும், பயறு வகைகளை 10 அளவுக்கும் காயவைத்துச் சேமித்தால் வண்டின் உபத்திரவம் வெகுவாகக் குறையும். துவரைக்குச் செம்மண் கட்டும் வழக்கத்தைப் பழம்பஞ்சாங்கமென்று நகைப்போருண்டு. செம்மண்ணால் எவரும் மூச்சடைத்து மாண்டதில்லை. வாயு அவசியமே எனில், வசிக்கும் வீட்டுக்குப் புறம்பான கிடங்கில், அங்கீகாரம் பெற்றோரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

ஏற்கெனவே வில்லை வைத்துவிட்டவர்கள் அதன்மீது தண்ணீர் ஊற்றலாகாது. வாயு விரைந்து கிளம்பும், தீயும் பற்றக்கூடும். அனைவரும் உடனே வெளியேறித் திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். அறையைத் திறக்கத் தனியே உள்ளே செல்லாமல், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புக. உடல்நலங் குன்றியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கையில், வைத்த வில்லையின் பெயரையும் எண்ணிக்கையையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.