பெயர் பெற்ற கொலையாளியும் பெயரற்ற பிணங்களும்

ராபர்த்தோ பொலானோவின் ‘2666’ நாவலைப் பெசன்ட் நகர் கடற்கரையில் வாசித்து முடித்தேன். ஆசிரியர் இறந்த மறு ஆண்டு, 2004இல் வெளிவந்த நூல் இது. மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் 1993 முதல் தொடர்ந்த பெண் கொலைகளே இதன் நான்காம் பகுதிக்கு அடிப்படை. கொன்றவர் யார் என்பதற்கு விடையில்லை. துப்பறியும் கதை என்று நம்பி எடுத்தவர் பாதியில் மூடிவிடக்கூடும். நூற்றுக்கும் மேற்பட்ட உடல்களைப் பிணக்கூறாய்வு அறிக்கையின் வறண்ட மொழியில் ஒவ்வொன்றாக எழுதுகிறார் பொலானோ: எங்கே கிடந்தாள், என்ன உடுத்தியிருந்தாள், எந்த ஆலையில் வேலை செய்தாள். பெயர் தெரியாதவளுக்கும் ஒரு பத்தி உண்டு.

இருட்டியதும் நடைபாதையில் படுக்கை விரித்தவர்களைக் கண்டபோது கல்கத்தா நினைவுக்கு வந்தது. 1989இல் அங்கே நடைபாதையில் உறங்கிய 13 பேர் தலையில் கல்லைப் போட்டுக் கொல்லப்பட்டனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. கொலையாளிக்குச் செய்தித்தாள்கள் ‘ஸ்டோன்மேன்’ என்று பெயர் சூட்டின. மாண்டவர்களுள் பலர் இன்னாரென்று அறியப்படாமலே போயினர்.

அதே 1989 செப்டம்பரில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அது பொருந்த வேண்டுமானால், கொல்லப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்பதும், கொன்றவர் அவ்விரண்டையும் சாராதவர் என்பதும் தெரிய வேண்டும். பெயரற்ற பிணத்திற்குச் சாதிச் சான்றிதழ் ஏது? துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்னும் 1995ஆம் ஆண்டு விதியும், குடும்பத்தாருக்குரிய நிவாரணமும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.