எரிபொருள் நெருக்கடியும் நெடுஞ்சாலை வேக வரம்பும்

எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் நெடுஞ்சாலைகளின் உச்ச வேக வரம்பை அரசு குறைப்பது ஒரு சிக்கன நடவடிக்கை ஆகும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஆணையும், சாலையோரப் பலகைகளும், கண்காணிக்கக் காவலர்களும் போதும். பன்னாட்டு ஆற்றல் முகமை 2022 மார்ச்சில் வெளியிட்ட பத்து அம்சத் திட்டத்திலும், நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 10 கி.மீ. ஆவது குறைப்பது இடம்பெற்றது.

வேகமும் எரிபொருளும்

ஓடும் வாகனத்தைக் காற்று எதிர்க்கிறது. இத்தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். 100 கி.மீ. வேகத்தை 80 ஆகக் குறைத்தால் காற்றுத் தடை 0.8 × 0.8 = 0.64 பங்காகிறது, அதாவது 36 விழுக்காடு குறைகிறது. மாணவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு: எரிபொருளும் 36 விழுக்காடு மிச்சமாகும் என்று எழுதிவிடுவார்கள். டயர் உராய்வு, எஞ்சினின் உள் உராய்வு ஆகியவற்றுக்கும் எரிபொருள் செலவாவதால் மிச்சம் அதைவிடக் குறைவே. மிக மெதுவாக, தாழ்ந்த கியரில் ஊர்ந்தாலும் செலவு கூடும்.

1973 நெருக்கடி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. மேற்கு செருமனி தன் ஆட்டோபான் சாலைகளில் 100 கி.மீ. வரம்பை நவம்பரில் விதித்து, 1974 மார்ச்சில் விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் 1974 சனவரி 2 அன்று நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் 55 மைல் (சுமார் 89 கி.மீ.) நாடு முழுமைக்குமான வரம்பாயிற்று. லாரி ஓட்டுநர்கள் எதிர்த்துப் போராடினர். எரிபொருள் மிச்சம் எதிர்பார்த்த அளவு இல்லை. ஆனால் சாலை இறப்புகள் 1973இல் சுமார் 54,000 ஆக இருந்து, 1974இல் சுமார் 45,000 ஆகக் குறைந்தன. மக்கள் பயணத்தைக் குறைத்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். நெருக்கடி தீர்ந்தும் அச்சட்டம் 1995 வரை நீடித்தது. ஸ்பெயின் 2011இல், லிபியப் போரின்போது, 120 கி.மீ. வரம்பைச் சில மாதங்களுக்கு 110 ஆக்கியது.

இந்தியாவில்

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஆயினும் இங்கே வேக வரம்பு பெரும்பாலும் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. நடுவண் அரசு 2018இல் விரைவுச் சாலைகளில் கார்களுக்கான வரம்பை 120 கி.மீ. ஆக உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிப்பை ரத்து செய்தபோதும் விபத்துகளே காரணமாகக் காட்டப்பட்டன. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் மட்டும், 80 கி.மீ. வேகத்தைவிட 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் 40 விழுக்காடு வரை கூடுதல் தூரம் ஓடலாம் என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறது. அது அறிவுரைதான், ஆணை அல்ல.

நேர இழப்பை எங்கள் பகுதியை வைத்துக் கணக்கிடலாம். மேலகரத்திலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 55 கி.மீ. சீராக 80 கி.மீ. வேகத்தில் சென்றால் 41 நிமிடம், 60 கி.மீ. என்றால் 55 நிமிடம். பாவூர்சத்திரம், ஆலங்குளம் கடைத்தெருக்களில் எப்படியும் வேகம் குறையும் என்பதால் உண்மையான வேறுபாடு 14 நிமிடத்துக்கும் குறைவு. செங்கோட்டை வழியே கேரளம் செல்லும் மலைப்பாதையில் வளைவுகளே வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. சொந்தக் காரில் போகிறவருக்கு இந்த நிமிடங்கள் பெரிதல்ல. டீசல் காசும் அவர் பையிலேயே மிஞ்சும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் காய்கறி வேன் ஓட்டுநருக்கோ நேரம்தான் வருமானம். மிச்சமாகும் டீசல் வண்டி முதலாளிக்குப் போகும். வேக வரம்பைக் குறைக்கும் அரசு அவருடைய கூலியையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கும்.