பேப்பர் போட்ட பிறகு
சிப்காட் வாசலில் – 11

போன வாரம் 480 நாள் கணக்கைப் பார்த்தோம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அந்த எண்ணிக்கை நிறைந்துவிடாதபடி டைம் ஆபீசில் என்னென்ன வித்தை நடக்கும் என்றும் எழுதியிருந்தேன். உள்ளே போகிற கதை அது. வேலையை விட்டு வெளியே வருகிற கதை இந்த வாரம்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. சென்ட்ரலிலிருந்து வரும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடும். ஆனால் நெடுஞ்சாலை ஆரம்பாக்கத்தைத் தாண்டி, மாநில எல்லையைக் கடந்து, தடாவுக்குப் போகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. எல்லைக்கு இந்தப் பக்கம் முறுக்குக் கம்பி உருட்டுகிற மில்லில் இருக்கும் ஃபிட்டர் ஒருவருக்கு அந்தப் பக்கம் மூவாயிரம் கூடுதலாக வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே 18,000, அங்கே 21,000. திங்கட்கிழமையே சேர வேண்டும். இவர் பேப்பர் போடுகிறார். எச்.ஆர். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து வைத்து, “மூணு மாசம் நோட்டீஸ். இல்லேன்னா மூணு மாசச் சம்பளத்தைக் கட்டுங்க. அதுவரைக்கும் செட்டில்மென்டும் கிடையாது, ரிலீவிங் ஆர்டரும் கிடையாது” என்கிறார்.

இந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து இல்லை. நோட்டீஸ் பற்றி ஆலைகளுக்கென்று விதி எழுதியது 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம். அதன்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைப்படி, மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ், மற்றவர்களுக்கு இரண்டு வாரம். நோட்டீசுக்குப் பதில் அத்தனை நாள் சம்பளத்தைக் கொடுத்தும் முடித்துக்கொள்ளலாம். விதி இரு தரப்புக்கும் பொது. கம்பெனி அனுப்பினாலும் அதே ஒரு மாதம்தான், தொழிலாளி போனாலும் அதே ஒரு மாதம்தான். தற்காலிகத் தொழிலாளிக்கும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் பதிலி ஆளுக்கும் நோட்டீசே கிடையாது. அவர்களை இன்று மாலையே வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதே விதி தயங்காமல் சொல்கிறது.

நிலையாணை ஒன்று சொல்லி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வேறொன்று சொன்னால் எது செல்லும்? இந்த ரயில் பாதையில் விம்கோ நகர் என்றொரு நிறுத்தம் உண்டு. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை வைத்திருந்த விம்கோவின் பெயர்தான் அது. அதே கம்பெனியின் உத்தரப் பிரதேச ஆலையில் ஒரு காவலாளியை ஆறு மாதத் தகுதிகாண் பருவம் என்று எழுதி வேலைக்கு எடுத்தார்கள். நிலையாணையிலோ இரண்டு மாதம்தான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1973-இல் தீர்ப்பு வந்தது: நிலையாணைக்கு முரணாகத் தனி ஒப்பந்தம் போட்டால் அது செல்லாது. தகுதிகாண் பருவத்துக்குச் சொன்ன அந்த நியாயம் நோட்டீசுக்கும் பொருந்தும். ஆகவே நம் ஃபிட்டர் முதலில் கேட்க வேண்டியது, “நம்ம கம்பெனிக்கு நிலையாணை இருக்கா, அதில் என்ன எழுதியிருக்கு?” என்பதைத்தான். தொழிலாளர்கள் பார்க்கும் இடத்தில் அதை எழுதி ஒட்டி வைக்க வேண்டும் என்று 1946 சட்டமே சொன்னது. எத்தனை கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் 2025 நவம்பர் 21 முதல் காட்சி மாறியிருக்கிறது. அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தில் 100 பேர் இருந்தாலே நிலையாணை கட்டாயம். புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் அது 300 பேர். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரிலும் 300 பேரைத் தொடாத மில்களும் பட்டறைகளும் ஏராளம். அங்கெல்லாம் கம்பெனி தட்டச்சு செய்து நீட்டுகிற அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே பெரும்பாலும் சட்டம் மாதிரி ஆகிவிடும். தொழிற்சங்கங்கள் இந்த 300-ஐ இவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சரி, மூன்று மாதம் என்று கையெழுத்துப் போட்டே விட்டார், நிலையாணையும் இல்லை. அவரைப் பிடித்து நிறுத்த முடியுமா? முடியாது. ஒருவர் தன் உழைப்பைத் தருவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. கம்பெனி கேட்கக்கூடியது பணம் மட்டும்தான். அதுவும் நியாயமான அளவுக்குத்தான். பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. பாண்டு விஷயமும் அப்படியே. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடிவதற்குள் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி தேர்வு நடத்தி ஆள் எடுக்க ஆகும் செலவு அங்கே பெரிய காரணமாக இருந்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டி டிப்ளமா பையன்களை மிரட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த அதிகாரி பணத்தைக் கட்டிவிட்டு வேறு வங்கிக்குப் போய்ச் சேர்ந்தவர். அவரை யாரும் நிறுத்தவில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிற வழக்கத்துக்கு எந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இடமில்லை.

அடுத்தது சம்பளம். செட்டில்மென்டை நிறுத்தி வைப்பதுதான் கம்பெனிகளின் உண்மையான ஆயுதம். நோட்டீஸ் விதியெல்லாம் அதற்குப் போர்த்துகிற துணி. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், கம்பெனி ஒருவரை நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைக் கொடு என்றது. தானாக விலகுகிறவரைப் பற்றி அந்த வாக்கியத்தில் பேச்சில்லை. புதிய ஊதியத் தொகுப்பின் 17-ஆவது பிரிவு ராஜினாமா செய்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. அவருக்கும் இரண்டு வேலை நாள்தான். நாற்பத்தைந்து நாள் கழித்து வாருங்கள், அடுத்த மாத பில்லில் போடுகிறோம் என்பதெல்லாம் இனி சட்டத்தின் முன் நிற்காது. தொகுப்புகளில் தொழிலாளிக்கு நேரடியாக லாபம் தரும் வரிகள் குறைவு. இது அவற்றில் ஒன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோட்டீஸ் சம்பளத்தைப் பிடிப்பது பற்றி ஒரு வேடிக்கை. சம்பளத்தில் எதையெல்லாம் கழிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் உண்டு. நோட்டீசைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வரி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, முறையான நோட்டீசோ தக்க காரணமோ இல்லாமல் வேலைக்கு வராமல் போவதைப் பற்றியது. அப்போதும் நோட்டீசுக்கு ஈடாகப் பிடிக்கக்கூடியது எட்டு நாள் சம்பளம் வரை. 1936-இல் எழுதிய இந்த வரியைப் புதிய தொகுப்பும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. தனி ஆளின் ஒரு மாத உழைப்பை மொத்தமாக விழுங்கிக்கொள்ளும் கம்பெனி இந்தப் பட்டியலின் எந்த வரியைக் காட்டப்போகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

பி.எஃப். பணத்தை நோட்டீசுக்காகத் தொடவே முடியாது. வெளியேறிய தேதியைக் கம்பெனி ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதிவு செய்துகொள்ள 2020 ஜனவரியில் வழி வந்தது. பணிக்கொடை ஐந்து ஆண்டு முடிந்தவருக்கு உண்டு, ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. நான்கு ஆண்டுக்கு மேல் ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நம் ஃபிட்டர் ஏழு ஆண்டு இருந்தவர், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தே 18,000 என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஏழு ஆண்டுக்கு 72,692 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இனி இந்த வாரத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம். ஆர்டர் குறைந்துவிட்டது, ஆள் குறைக்க வேண்டும். எச்.ஆர். கூப்பிட்டு இதமாகப் பேசுவார். “நாங்க அனுப்பினா உங்க ரெக்கார்டு கெட்டுப்போகும். நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க.” எழுதிக் கொடுத்த அந்த ஒரு தாளின் விலையைப் போட்டுப் பார்ப்போம். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஏழு ஆண்டுக்காரருக்கு ஏறத்தாழ 63,000, நோட்டீசுக்கு 18,000, ஆக 81,000. புதிய தொகுப்பில் மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளமும் கணக்கில் வர வேண்டும். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று தொடங்கும் கடிதத்தில் கையெழுத்து விழுந்த நிமிடம் இத்தனையும் போய்விடும். அது ஆட்குறைப்பே இல்லை, தானாக விலகியது. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்கிற பாரம் முழுவதும் தொழிலாளியின் தலையில். வெளியே அனுப்ப விரும்புகிறவர்கள் எழுதட்டும். போக விரும்புகிறவர் மட்டும் ராஜினாமா எழுதட்டும்.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்றும் கேட்பார்கள். இதற்கு வழி காட்டியது ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் ராஜினாமா. அலகாபாத் நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதம் எழுதினார். ஜூலை 15 அன்று மனம் மாறி வாபஸ் வாங்கினார். வருகிற தேதியைப் போட்டுக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. பிறகு ஊழியர்கள் பலர் போட்ட வழக்குகளிலும் அந்தத் தீர்ப்பு கைகொடுத்தது. நீதிபதி தனக்காகத் திறந்த கதவு கம்பெனி ஊழியருக்கும் பயன்பட்டது.

நோட்டீசே கொடுக்காமல் ஆள் காணாமல் போவதும் இங்கே சகஜம். பீகாரிலிருந்து வந்தவர் சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறார். ரயிலிலேயே போக வர நாலைந்து நாள் கழிந்துவிடும். பத்தாம் நாள் வந்தால் கேட்டில் விடுவதில்லை, “அப்ஸ்கான்ட் போட்டாச்சு.” எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலையில் உரிமை போய்விடும் என்று நிலையாணைகளில் இருப்பது உண்மைதான். அந்த வரியை மட்டும் வைத்து, விசாரணை இல்லாமல் ஒருவரை நீக்கியது செல்லாது என்று 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீண்டும் வேலையும் பாதிப் பழைய சம்பளமும் கிடைத்தன. ஆனால் யாதவ் ஆலையின் நேரடித் தொழிலாளி. கான்ட்ராக்டர் வழியாக வந்தவரின் கேட் பாஸ் ரத்தானால், கம்பெனி “எங்க ஆள் இல்லை” என்கிறது, கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை.

இவர்கள் எல்லாருக்கும் போவதற்காவது வழி இருக்கிறது. இதே மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் அந்தப் பேச்சே எழாது. ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்துக் குடும்பங்கள் அறுவடை முடிந்ததும் தரகரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வருகின்றன. அந்த அட்வான்ஸ் கழியும் வரை நகர முடியாது. எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். 2020 மே மாதம், பொதுமுடக்கத்தின்போது, திருவள்ளூர் மாவட்டம் புதுக்குப்பம் சூளையில் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்களை அடித்தார்கள். காயம்பட்டவர்கள் கைபேசியில் அனுப்பிய செய்தி வெளியே பரவிய பிறகுதான் போலீசும் அதிகாரிகளும் வந்தனர்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. அட்வான்சுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் இழந்திருந்தால் அது கொத்தடிமை. கடன் அந்த நொடியே ஒழிந்தது. அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. பிறகு ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு மூன்று லட்சம் என்று 2016-ஆம் ஆண்டுத் திட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பெரிய தொகையை, முதலாளிக்கு நீதிமன்றத்தில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பலாங்கிருக்குத் திரும்பிப் போன குடும்பம் திருவள்ளூர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல எத்தனை வாய்தாவுக்கு வரும்?

(தொடரும்)