ராயபுரம் டு எண்ணூர்: ஷிப்பிங் ஆபீஸ் வேலையில் நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி?

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை வடசென்னையில் பார்க்காதவர்கள் இல்லை. அதே நேரத்தில் இன்னொரு வரிசையும் நகராமல் நிற்கும். அது, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள ஷிப்பிங், சரக்கு முகவர் அலுவலகங்களின் இன்பாக்ஸ்.

இங்கே ஒரு எண் தப்பானால் நஷ்டம் நிஜமானது. கப்பலுக்கு கட்-ஆஃப் நேரம் உண்டு. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்த்த விவரம் இல்லாமல் எந்த ஏற்றுமதி கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. மெயில் லேட்டானால் சரக்கு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கன்டெய்னர் எண்ணிலேயே ஒரு காவலாளி

ஒவ்வொரு கன்டெய்னர் எண்ணிலும் 4 எழுத்துகள், 7 இலக்கங்கள் இருக்கும். கடைசி இலக்கம் சும்மா இல்லை, அது சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. உதாரணத்துக்கு சிஎஸ்கியூயூ 305438-3. இதில் 54-ஐ அவசரத்தில் 45 என்று டைப் செய்தால், சரிபார்ப்பு எண் 3-க்குப் பதில் 1 என்று வரும். தப்பு உடனே தெரிந்துவிடும். இந்தக் கணக்கை எக்ஸெல் ஃபார்முலாவாக ஒருமுறை போட்டு வைத்தால், நூறு எண்களையும் ஒரே நொடியில் சோதிக்கலாம்.

எக்ஸெலில் பூஜ்யம் காணாமல் போகுதா?

வங்கிக் கணக்கு எண்ணின் முதலில் உள்ள பூஜ்யத்தை எக்ஸெல் தானாகவே அழித்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியை பூஜ்யமாக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் போயே போச்சு! டைப் செய்வதற்கு முன்பே அந்த காலத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + 1 அழுத்தி, 'டெக்ஸ்ட்' என மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்ப வராது.

தினமும் கைகொடுக்கும் நான்கு

* கன்ட்ரோல் + ஈ: ஒரே கட்டத்தில் கலந்து கிடக்கும் கப்பல் பெயர், கன்டெய்னர் எண்ணைப் பிரிக்க. பக்கத்துக் கட்டத்தில் ஒன்றிரண்டை நீங்கள் டைப் செய்து காட்டினால், மீதியை அதுவே நிரப்பும். ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.
* கன்ட்ரோல் + ஷிப்ட் + எல்: பட்டியலுக்கு ஃபில்டர். இன்றைய கட்-ஆஃப் எவை என்று உடனே பிரிக்கலாம்.
* கன்ட்ரோல் + செமிகோலன்: இன்றைய தேதி.
* விண்டோஸ் + வி: கடைசியாக காப்பி செய்த 25 விஷயங்கள் வரை பட்டியலாக வரும். முதல்முறை ஆன் செய்ய வேண்டும். பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை காப்பி செய்யாதீர்கள், அதுவும் அந்தப் பட்டியலில் நிற்கும்.

மெயிலில் என்ன மாற்றலாம்?

சப்ஜெக்ட்டில் 'அர்ஜென்ட்' என்று மட்டும் போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. புக்கிங் எண், கன்டெய்னர் எண், கட்-ஆஃப் நேரம் மூன்றையும் போடுங்கள். மூன்று வாரம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். ஒரு ஷிப்மென்ட்டுக்கு ஒரே மெயில் தொடர் போதும்.

ஃபைலை முதலில் இணைத்து, விஷயத்தை எழுதி, 'டு' முகவரியைக் கடைசியில் போடுங்கள். பாதி மெயில் பறக்காது. ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' அவகாசம் இயல்பாக 5 விநாடிதான். செட்டிங்ஸில் 30 ஆக்கிக்கொள்ளலாம். தினமும் எழுதும் ஒரே பதிலை 'டெம்ப்ளேட்' ஆக சேமித்து வைக்கலாம்.

அவசரப்படக் கூடாத ஒரு மெயில்

"எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, புது எண்ணுக்கு அனுப்புங்க" என்று மெயில் வந்தால் நிதானம் தேவை. அனுப்பியவர் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கலாம், அல்லது அவருடைய மெயிலே ஹேக் ஆகியிருக்கலாம். அந்த மெயிலில் உள்ள நம்பருக்குப் பேசாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம். நாளைக்கு ஆபீஸ் போனதும் 'அன்டூ' அவகாசத்தையும் கணக்கு எண் காலத்தையும் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.